திறந்தே கிடக்கும் சிஸ்டம்: ஏலக்காய் அலுவலகங்களுக்கு ஓர் எளிய விளக்கம்

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க்கு விலை படிவது ஏலக்கூடத்தில். அந்த விலை கணக்காக மாறுவது ஊருக்குள் இருக்கும் சின்னச் சின்ன அலுவலகங்களில். மலைக்கு மேலே பூப்பாறை, சாந்தன்பாறை, வண்டன்மேடு பக்கத்துத் தோட்டங்களில் பறித்து, ஸ்டோரில் உலர்த்தி, மூட்டை மூட்டையாக ஏலத்துக்கு வரும் காய்க்கு ஒரு லாட் எண் கிடைக்கிறது. சாம்பிள் வியாபாரிகளின் கைக்குப் போகிறது. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் விலை நிற்கிறது. அதன் பிறகு யாருடைய காய், எத்தனை மூட்டை, எவ்வளவு எடை, யார் எடுத்தார், கிலோ என்ன விலை, கமிஷன் எவ்வளவு, 5 சதவீத ஜிஎஸ்டி எவ்வளவு, விவசாயிக்குக் கையில் சேர வேண்டியது எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து என்ட்ரி போட வேண்டும்.

ஏலம் நடத்தும் மென்பொருள் போர்டின் பொறுப்பில் இருப்பது. 2021 ஜனவரியில் அது கிளவுடுக்கு மாறியது. புற்றடி ஏலக்கூடத்தில் இருப்பவரும் போடியில் இருப்பவரும் ஒரே ஏலத்தில் ஒரே நேரத்தில் விலை கேட்க வழி வந்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதில்லை. ஏலம் முடிந்த பிறகு ஏல நிறுவனமோ வியாபாரியோ தன் அலுவலகத்தில் வைத்திருக்கும் சொந்தத் தரவுத்தளத்தைப் பற்றியது. நான்கைந்து சிஸ்டங்கள், ஒரு ரூட்டர், மூலையில் இருக்கும் ஒரு சிஸ்டத்தில் எல்லோருக்கும் பொதுவான ஒரு கோப்பு. பல வருடங்களுக்கு முன் உள்ளூர்க்காரர் ஒருவர் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் எழுதிக் கொடுத்த நிரல் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும். இந்த அமைப்பு தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. ஜவுளிக் கடை, அரிசி மில், கூட்டுறவுச் சங்கம் என்று எங்கே பார்த்தாலும் இதே கதைதான்.

இந்த அமைப்பில் வேலை செய்தவர்களுக்கு ஒரு குரல் நன்றாகத் தெரியும். சாயந்தரம் ஆனதும் உள்ளறையிலிருந்து, "எல்லாரும் சாஃப்ட்வேரை மூடுங்க, பேக்கப் எடுக்கணும்." ஐந்து பேரில் நான்கு பேர் மூடிவிடுவார்கள். ஐந்தாவது சிஸ்டத்தில் ஆள் இருக்கமாட்டார். குடோனுக்குப் போயிருப்பார், அல்லது வீட்டுக்கே போயிருப்பார். திரை மட்டும் காலையில் திறந்த லாட் பதிவோடு அப்படியே நிற்கும். அந்த ஒரு திரையால் அன்றைய பேக்கப் நின்றுபோகும்.

இப்படி ஆளில்லாமல் திறந்து கிடக்கும் இணைப்பைத் தானாக மூடவைக்க வழி இருக்கிறது. செய்வதும் கடினமில்லை. ஆனால் பெரும்பாலான இடங்களில் அதைத் தவறான முனையிலிருந்து தொடங்குகிறார்கள். "எத்தனை நிமிஷம் வைக்கலாம்?" என்பதே முதல் கேள்வியாக வருகிறது. அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. முதலில் முடிவு செய்ய வேண்டியது, பாதி தட்டிய வரியை என்ன செய்வது என்பதை. அதைத் தீர்க்காமல் நிமிடக் கணக்கு வைத்தால், பேக்கப்பைக் காப்பாற்றப் போய் விவசாயியின் எடைக் கணக்கைக் கெடுத்துவிடுவோம்.

செஷன் என்று சொல்வது இதைத்தான்: நீங்கள் நிரலைத் திறந்த நொடியிலிருந்து மூடும் நொடி வரை, உங்கள் சிஸ்டத்துக்கும் பொதுக் கோப்புக்கும் நடுவில் இருக்கும் தொடர்பு. நீங்கள் எதையும் தட்டாவிட்டாலும் அந்தத் தொடர்பு உயிரோடுதான் இருக்கிறது. பழைய நாளில் மண்டியில் ஒரே பேரேடு இருந்தபோது, ஒருவர் அதைத் தன் மேசையில் விரித்துவைத்துவிட்டு வெளியே போனால் மற்றவர்கள் காத்திருந்ததை நினைத்துக்கொள்ளலாம். கணினியில் ஒரே பேரேட்டை ஐந்து பேரும் ஒரே நேரத்தில் விரிக்க முடிகிறது. ஆனால் பேரேட்டைத் தைத்து அட்டை மாற்ற வேண்டுமானால் ஐவரும் கையை எடுத்தே ஆக வேண்டும்.

திறந்து கிடக்கும் செஷனால் வரும் முதல் கேடு, இந்தத் தைத்துக் கட்டும் வேலை நின்றுபோவது. ஆக்சஸில் அதற்கு காம்பேக்ட் அண்ட் ரிப்பேர் என்று பெயர். அழித்த பதிவுகள் இருந்த இடத்தை ஆக்சஸ் உடனே காலி செய்வதில்லை. கோப்பு நாளுக்கு நாள் ஊதிக்கொண்டே போகும். ஒரு ஆக்சஸ் கோப்பின் உச்ச அளவு 2 ஜிபி. அந்தப் பக்கம் நெருங்கவே விடக்கூடாது. அவ்வப்போது காம்பேக்ட் செய்தால் கோப்பு சுருங்கும், தேடலும் சுறுசுறுப்பாகும். ஆனால் அதற்குக் கோப்பு முழுவதும் ஒருவர் கையில் தனியாக இருக்க வேண்டும். வேறு ஒரே ஒரு சிஸ்டம் திறந்திருந்தாலும் நடக்காது. டேபிளில் ஒரு புதிய கட்டம் சேர்க்க வேண்டுமானாலும் அந்த டேபிளை வேறு யாரும் திறந்து வைத்திருக்கக் கூடாது. பேக்கப்பின் கதை இன்னும் நுட்பமானது. திறந்திருக்கும் கோப்பையும் சில நேரம் நகலெடுக்க முடிந்துவிடும். எடுத்தவருக்கு நிம்மதி. ஆனால் அந்த நொடியில் யாராவது எழுதிக்கொண்டிருந்தால் நகலில் பாதிதான் இருக்கும். அந்த நகல் கெட்டது என்பது, அது தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.

இரண்டாவது கேடு பூட்டு. ஒரு லாட்டைத் திருத்தத் தொடங்கியவர் பாதியில் எழுந்து போனால், நிரல் எழுதப்பட்ட விதத்தைப் பொறுத்து அந்தப் பதிவு பூட்டிக்கொள்ளும். பில் போடுபவர் அதே லாட்டைத் தொட முடியாது. சில அமைப்புகளில் பதிவு ஒவ்வொன்றாகப் பூட்டாமல் 4 கிலோபைட் கொண்ட ஒரு பக்கமாகப் பூட்டும். அப்போது பக்கத்துப் பக்கத்து லாட்களும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். பூட்டே போடாத அமைப்பிலும் தொல்லை வேறு வழியில் வருகிறது. காலையில் திறந்த பழைய எண்களோடு நிற்கும் திரைக்கு மதியம் திரும்பி வந்தவர் மீதியைத் தட்டிச் சேமிக்கப் போவார். இடையில் இன்னொருவர் அதே பதிவைத் திருத்தியிருந்தால், "வேறொருவர் மாற்றிவிட்டார், உங்களுடையதைச் சேமிக்கவா, விட்டுவிடவா?" என்ற பொருளில் ஒரு பெட்டி எழும். அவசரத்தில் பெரும்பாலானவர்கள் "சேமி" என்பதைத்தான் அழுத்துகிறார்கள். இடையில் நடந்த சரியான திருத்தம் சத்தமில்லாமல் அழிந்துபோகிறது.

மூன்றாவது கேடு, ஆள் மாறாட்டம். திறந்த திரைக்கு முன்னால் யார் உட்கார்ந்தாலும் அவர் தட்டுவது முதல் ஆளின் பெயரில்தான் பதிவாகும். இந்த அலுவலகக் கோப்புகளில் விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண், பான் எண், செல்போன் எண் எல்லாம் கிடக்கின்றன. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்படிப்பட்ட விவரங்களை வைத்திருப்பவர்கள் நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யவேண்டும் என்கிறது. ஆளில்லாத திரை அந்த ஏற்பாடுகளை எல்லாம் வீணாக்கிவிடும்.

இந்த மூன்றுக்கும் பணத்தின் கனம் எவ்வளவு என்று கேட்டால், 2019 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 3ஆம் தேதி புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலைக்கு 50 கிலோ மூட்டை ஒன்று மூன்றரை லட்சம் ரூபாய். எடைக் கட்டத்தில் 48.6 என்று தட்ட வந்தவர் 48 வரை தட்டிவிட்டு எழுந்துபோய், அந்த 48 அப்படியே சேமிக்கப்பட்டால் ஒரு மூட்டையிலேயே 4,200 ரூபாய் வித்தியாசம். விலை அதில் பாதியாக இருந்தாலும், ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிக்கு அது சின்னத் தொகை இல்லை.

இனி, மூடுவது எப்படி என்பதற்கு வருவோம். இங்கே ஒரு அடிப்படை வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது.

தரவுத்தளங்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் சர்வர் என்று ஒரு நிரல் எப்போதும் விழித்திருக்கும். யார் எதைக் கேட்டாலும் அதுதான் எடுத்துக் கொடுக்கும், அதுதான் எழுதும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் எல்லாம் இந்த வகை. யார் இணைந்திருக்கிறார், கடைசியாக எப்போது பேசினார் என்பது சர்வருக்குத் தெரியும். வேண்டாம் என்றால் அதுவே அறுத்துவிடும். ஆக்சஸ் அடுத்த ஜாதி. அங்கே பொதுக் கோப்பு வெறும் கோப்புதான். அதற்குக் காவல்காரர் கிடையாது. ஒவ்வொரு சிஸ்டமும் நேராகக் கோப்பைத் திறந்து தானே படிக்கிறது, தானே எழுதுகிறது. ஆகவே மூலையில் இருக்கும் சிஸ்டத்தில் உட்கார்ந்துகொண்டு "ஐந்தாவது ஆளை வெளியேற்று" என்று கட்டளை போட இடமே இல்லை. அந்த ஐந்தாவது சிஸ்டத்தில் ஓடும் நிரலே, தன் முன்னால் ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டு, தானாக வெளியேற வேண்டும்.

1992இல் வெளிவந்த ஆக்சஸ் இன்றுவரை இப்படித்தான். ஒரு கோப்பை ஒரே நேரத்தில் 255 பேர் வரை திறக்கலாம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லும். நடைமுறையில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து எழுதத் தொடங்கினாலே திணறல் தெரியும்.

யார் திறந்து வைத்திருக்கிறார் என்று பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. பொதுக் கோப்பு திறந்தவுடன் அதன் பக்கத்திலேயே, அதே பெயரில், எல்ஏசிசிடிபி என்ற பின்னொட்டோடு இன்னொரு சின்னக் கோப்பு முளைக்கும். கடைசி ஆள் மூடியதும் மறைந்துவிடும். எல்லோரும் போன பிறகும் அது மறையவில்லை என்றால் யாரோ ஒருவர் உள்ளே இருக்கிறார், அல்லது யாருடைய சிஸ்டமோ ஒழுங்காக மூடாமல் செத்திருக்கிறது. அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தால் சிஸ்டங்களின் பெயர்கள் தெரியும். ஆனால் வெளியேறிவிட்டவர்களின் பெயரும் அதில் தங்கியிருக்கும் என்பதால் அதை மட்டும் நம்பி யாரிடமும் சண்டைக்குப் போகக்கூடாது. யூசர் ராஸ்டர் என்ற பட்டியலை நிரல் வழியாகக் கேட்டால் இப்போது உண்மையில் இணைந்திருப்பவர் யார் என்பது தெரியும். அதிலும் பயனர் பெயர் பெரும்பாலும் எல்லோருக்கும் 'அட்மின்' என்றுதான் வரும். சிஸ்டத்தின் பெயர்தான் அடையாளம். அதனால் சிஸ்டங்களுக்கு டெஸ்க்டாப் என்று தொடங்கும் குழப்பமான பெயரை விட்டுவிட்டு, பில்லிங், குடோன், கேஷ், முதலாளி என்று பெயர் வையுங்கள். அரைமணி நேர வேலை. வருடக்கணக்கில் பயன்படும்.

நிரல் தன் முன்னால் ஆள் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்ளும்? மைக்ரோசாஃப்டே இதற்கு ஒரு மாதிரி நிரலை வெளியிட்டிருக்கிறது. நிரல் தொடங்கும்போதே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபார்ம் பின்னணியில் திறக்கும். அது நொடிக்கு ஒருமுறை விழித்து, இப்போது எந்த ஃபார்ம் முன்னால் இருக்கிறது, கர்சர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்கும். போன தடவை பார்த்ததே இப்போதும் இருந்தால் கணக்கைக் கூட்டிக்கொண்டே போகும். மாறியிருந்தால் பூஜ்யத்துக்குத் திரும்பும். அந்த மாதிரியில் 5 நிமிடம் என்று வைத்திருக்கிறார்கள். நேரம் நிறைந்ததும் நீங்கள் சொன்ன வேலையைச் செய்யும்.

அருமையான யோசனைதான், ஆனால் ஒரு ஓட்டை உண்டு. ஒரே கட்டத்தில் நீளமாகத் தட்டிக்கொண்டிருப்பவரை அது சும்மா இருப்பவராக எண்ணிவிடும். குறிப்புக் கட்டத்தில் தகராறான லாட் ஒன்றின் முழு விவரத்தையும் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தால், கர்சர் அந்தக் கட்டத்தை விட்டு நகரவில்லை என்பதாலேயே வெளியே தள்ளப்படுவார். இதற்கு மாற்றாக விண்டோஸிடமே, கீபோர்டோ மவுஸோ கடைசியாக எப்போது அசைந்தது என்று கேட்கலாம். அந்தப் பதில் துல்லியமாக வரும். ஆனால் அது சிஸ்டம் முழுவதற்குமான பதில். ஆள் மேசையில்தான் இருக்கிறார், லாட் பதிவைத் திறந்து பின்னால் தள்ளிவிட்டு ஜிஎஸ்டி தளத்தில் இ-வே பில் போட்டுக்கொண்டிருக்கிறார் என்றால், விண்டோஸ் அவரை விழித்திருப்பவர் என்றுதான் சொல்லும். பூட்டு அப்படியே நிற்கும்.

அதனால் இரண்டையும் சேர்த்து இரண்டு படியாகச் செய்வதுதான் என் பரிந்துரை. முதல் படியில் யாரையும் வெளியேற்ற வேண்டாம். ஃபார்ம், கட்டம், கட்டத்துக்குள் இருக்கும் எழுத்து எதுவும் பத்து நிமிடமாக மாறவில்லை என்றால், திறந்திருக்கும் என்ட்ரி ஃபார்மை மட்டும் மூடி முகப்புப் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். அதிலேயே பதிவுப் பூட்டு விடுபட்டுவிடும், பழைய எண்கள் திரையிலிருந்து போய்விடும். இரண்டாவது படியில், கீபோர்டும் மவுஸும் இன்னும் நெடுநேரம் அசையவே இல்லை என்று விண்டோஸ் சொன்னால், நிரலையே மூடுங்கள். இ-வே பில் போடுபவருக்கு முதல் படி மட்டும் நடக்கும். வீட்டுக்குப் போனவருக்கு இரண்டும் நடக்கும்.

மூடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை வர வேண்டும். அதை வழக்கமான மெசேஜ் பெட்டியாக வைக்காதீர்கள். அந்தப் பெட்டி "ஓகே" அழுத்தும் வரை நகராது. ஆள் இல்லாத இடத்தில் யார் அழுத்துவது? மூடும் வேலை அங்கேயே நின்றுவிடும். நொடிகள் குறைந்துகொண்டே வரும் ஒரு சின்ன ஃபார்மைத் திறந்து, "இன்னும் வேலை இருக்கிறது" என்று ஒரு பட்டன் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அதை அழுத்தாவிட்டால் தானே மேற்கொண்டு நடக்கட்டும்.

இப்போது பாதி தட்டிய வரி. இதில் ஆக்சஸ் ஆபத்தான ஒரு வேலை செய்யும். ஃபார்ம் மூடப்படும்போது அதில் சேமிக்காத திருத்தம் இருந்தால் தானாகவே சேமிக்கப் பார்க்கும். 48.6இல் 48 மட்டும் தட்டப்பட்ட கதை இங்கேதான் பிறக்கிறது. கட்டாயமாக நிரப்ப வேண்டிய ஏதோ ஒரு கட்டம் காலியாக இருப்பதால் சேமிக்க முடியவில்லை என்றால், நிரல் கட்டளையால் மூடும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் தட்டியதை எல்லாம் தூக்கியெறிந்துவிடும். அதாவது சேமிக்கக் கூடாததைச் சேமிக்கும், காக்க வேண்டியதை வீசும்.

ஆகவே மூடும் கட்டளைக்கு முன்பே நிரல் எழுதுபவர் அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: சேமிக்காத திருத்தம் இருக்கிறதா என்று பார், இருந்தால் அதைப் பொதுக் கோப்பில் எழுதாதே, ரத்து செய். அதோடு நிறுத்தினால் தட்டியவரின் உழைப்பு போய்விடும். அதனால் ரத்து செய்வதற்கு முன், கட்டங்களில் இருந்ததை அந்தச் சிஸ்டத்திலேயே இருக்கும் ஒரு வரைவு டேபிளில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அவர் திரும்பி வந்து திறக்கும்போது, "லாட் 112க்கு முடிக்காத ஒரு பதிவு இருக்கிறது, தொடரவா?" என்று கேட்கட்டும். ஆள் வந்து பார்த்து, எடைச்சீட்டோடு ஒப்பிட்டு, அவரே சேமித்தால்தான் அது கணக்கு. ஏலக்காய் அலுவலகத்தில் எடையும் விலையும் மனிதர் ஒருவர் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் பேரேட்டுக்குப் போகக் கூடாது. இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பேன்.

இதைச் செய்துமுடித்த பிறகுதான் நிமிடக் கணக்கு. எல்லா மேசைக்கும் ஒரே நேரம் வைக்கத் தேவையில்லை. பணம் அனுப்பும் திரைக்கு ஐந்து நிமிடம் போதும். லாட் என்ட்ரி போடுபவர் மூட்டைகளைச் சரிபார்க்க அடிக்கடி எழுந்து போவார். அவருக்கு ஃபார்ம் மூட பத்துப் பதினைந்து நிமிடமும், நிரல் மூட முக்கால் மணி நேரமும் கொடுக்கலாம். ஏல நாளில் கொஞ்சம் தளர்த்தலாம். முதலாளியின் சிஸ்டத்துக்கு மட்டும் விலக்கு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காலையில் ஒரு ரிப்போர்ட்டைத் திறந்துவிட்டு மூடாமல் கிளம்பும் சிஸ்டம் பல இடங்களில் அதுதான்.

இரவு பேக்கப்புக்கு இன்னொரு ஏற்பாடு கைகொடுக்கும். பொதுக் கோப்பில் ஒரே ஒரு வரி உள்ள ஒரு டேபிள் வையுங்கள். அதில் 'எல்லோரும் வெளியேறவும்' என்பதற்கு ஆம், இல்லை என்று ஒரு கட்டம். ஒவ்வொரு சிஸ்டத்திலும் பின்னணியில் விழித்திருக்கும் அந்த ஃபார்ம் நிமிடத்துக்கு ஒருமுறை இந்தக் கட்டத்தையும் எட்டிப்பார்க்கட்டும். பேக்கப் எடுப்பவர் 'ஆம்' என்று மாற்றினால் அத்தனை சிஸ்டங்களும் எச்சரித்துவிட்டு, வரைவைக் காத்துவிட்டு, தாமே வெளியேறும். 'ஆம்' இருக்கும் வரை யாரும் புதிதாக உள்ளே வரவும் முடியாதபடி தொடக்கத்திலேயே தடுக்கலாம். உள்ளறையிலிருந்து கத்த வேண்டியதில்லை.

கோப்பு இருக்கும் சிஸ்டத்தில் விண்டோஸின் ஷேர்டு ஃபோல்டர்ஸ் பகுதிக்குப் போய், திறந்திருக்கும் கோப்பை வலுக்கட்டாயமாக மூடலாமே என்று சிலர் கேட்பார்கள். முடியும். ஆனால் அந்த நொடியில் மறுமுனையில் ஏதாவது எழுதப்பட்டுக்கொண்டிருந்தால் கோப்பு கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். வேறு வழியே இல்லாத நாளில், கையில் நல்ல பேக்கப் இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள். தூக்கத்துக்குப் போன லேப்டாப்பும் இதே ஆபத்தைக் கொண்டுவரும். லேப்டாப் தூங்கினால் நம் பின்னணி ஃபார்மும் தூங்கிவிடும், அதன் கடிகாரம் ஓடாது. ஆக்சஸ் ஓடும் சிஸ்டங்களில் ஸ்லீப்பை நிறுத்திவையுங்கள். வைஃபையை விட்டுக் கேபிளுக்கு வாருங்கள்.

மலைக்கு மேலே கதை வேறு. ஏலக்காய்ப் பறிப்பு நடக்கும் மாதங்களில் பெரும்பகுதி மழைக்காலம். மின்சாரமும் செல்போன் சிக்னலும் போய்ப் போய் வரும் காலம் அது. தோட்டத்து ஸ்டோரிலிருந்து போடி அலுவலகத்தின் ஆக்சஸ் கோப்பை இணையம் வழியாக நேராகத் திறக்கும் ஏற்பாட்டை யாராவது செய்து கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வரி பாதி எழுதப்படும்போது சிக்னல் அறுந்தால் கெடுவது அந்த ஒரு வரியோடு நிற்காது, மொத்தக் கோப்பும் கெடலாம். மேலேயும் கீழேயும் இருந்து ஒரே கணக்கைத் தொட வேண்டும் என்றால் சர்வர் வகைத் தரவுத்தளத்துக்கு மாறுவதுதான் ஒழுங்கு. இடையில் இணைப்பு அறுந்தால் சர்வர் பாதி வேலையைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்ளும்.

அங்கே சும்மா கிடக்கும் செஷனை மூடுவது ஒரு வரி அமைப்புதான். போஸ்ட்கிரெஸில் 2021இல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்து ஐடில் செஷன் டைம்அவுட் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. நீங்களாக வைக்காவிட்டால் அது வேலை செய்யாது. அதைவிட முக்கியமானது, 2016இல் 9.6ஆம் பதிப்போடு வந்த இன்னொன்று: ஒரு பரிவர்த்தனையைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் நிற்கும் செஷனை மட்டும் மூடுவது. சும்மா இணைந்திருப்பவரால் பெரிய தொல்லை இல்லை. பாதி பரிவர்த்தனையோடு நிற்பவர்தான் பூட்டைப் பிடித்துக்கொண்டு, பழைய பதிவுகளைத் துப்புரவு செய்யவிடாமல் தடுப்பவர். இரண்டில் ஒன்றைத்தான் வைக்க முடியும் என்றால் இரண்டாவதை வையுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் சும்மா கிடக்கும் செஷனை மூடுவதற்கான இயல்பு நேரம் 28,800 நொடி, அதாவது எட்டு மணி நேரம். அலுவலக நாள் முழுக்கத் திறந்து வைத்திருந்தாலும் அது கண்டுகொள்ளாது. குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நடுவில் வெப் நிரல் ஏதாவது ஓடினால், அது சில இணைப்புகளை வேண்டுமென்றே திறந்து வைத்திருக்கும். அதன் அமைப்பைப் பார்க்காமல் சர்வரின் நேரத்தைக் குறைத்தால், காலையில் முதலில் வருபவருக்குப் பிழைச் செய்திதான் வரவேற்பு.

சிக்னல் அறுந்து செத்துப்போன இணைப்பையும், ஆள் எழுந்துபோன இணைப்பையும் சர்வர் சட்டென்று பிரித்தறியாது. இரண்டுமே அதற்கு மௌனம்தான். மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் வசதி லினக்ஸில் உண்டு. ஆனால் முதல் தட்டுக்கே இயல்பாக இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மலைத் தோட்டத்தோடு பேசும் சர்வரில் அதைச் சில நிமிடங்களாகக் குறைக்கச் சொல்லி உங்கள் சிஸ்டம்காரரிடம் சொல்லிவையுங்கள்.

எந்த வகையானாலும், முதல் இரண்டு வாரம் யாரையும் வெளியேற்ற வேண்டாம். எந்தச் சிஸ்டம், எந்த ஃபார்ம், எத்தனை நிமிடம் சும்மா நின்றது என்பதை மட்டும் ஒரு டேபிளில் எழுதவிடுங்கள். இப்படி ஒன்று வரப்போகிறது என்று எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று நினைப்பவர், திரை அசைந்துகொண்டே இருக்க ஏதாவது வழி கண்டுபிடித்துவிடுவார். பதிவில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், ஏன் மூடாமல் வைத்திருக்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். "மூடிட்டுத் திரும்பத் திறந்தா ரொம்ப நேரம் எடுக்குது அண்ணே" என்பார். அப்படியானால் சரிசெய்ய வேண்டியது நிரல் திறக்கும் வேகத்தை. அன்றைய சராசரி விலையும் மொத்த எடையும் நாள் முழுக்கக் கண்ணில் பட வேண்டும் என்று குடோனில் திறந்து வைத்திருக்கிறார்கள் என்றால், அரைமணிக்கு ஒருமுறை அந்த இரண்டு எண்களை மட்டும், தானே புதுப்பித்துக்கொள்ளும் ஒரு சின்ன வலைப்பக்கக் கோப்பில் தானாக எழுதிவைக்கச் செய்யுங்கள். குடோனில் அந்தப் பக்கம் திறந்திருக்கட்டும், பொதுக் கோப்பை அவர்கள் தொடவே வேண்டாம்.